கீழே கடை, மேலே வீடு: ஒரே கட்டிடத்தில் இரண்டு விதமான வயரிங்

தமிழ்நாட்டில் ரோட்டைப் பார்த்த மனை கையில் இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் கட்டுவார்கள்: கீழே கடை, மேலே வீடு. வயரிங் பேச உட்காரும்போது வீட்டுக்காரர் கேட்கும் கேள்வியும் பெரிதாக மாறுவதில்லை. "கடைக்கு எதுக்குத் தனியா யோசிக்கணும்? அதே வயர், அதே பிளக் பாயின்ட்தானே?"

வயர் அதேதான். வருகிற மின்சாரமும் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறுவது இரண்டு: எவ்வளவு நேரம் ஓடுகிறது, யார் கை வைக்கிறார்கள். வீட்டில் கீஸர் இருபது நிமிடம் ஓடும், அப்புறம் அந்த வயர் ஆறிவிடும். கடையில் காலையில் போட்ட ஃப்ரீசரும் ஏசியும் ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை ஓடும். வீட்டில் எந்த சுவிட்ச் லேசாக ஷாக் அடிக்கும் என்று வீட்டாருக்குத் தெரியும் (தெரிந்தும் மாற்றமாட்டார்கள், அது வேறு கதை). கடையில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு அது தெரியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேறுபாடும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருவதுதான்.

இதைப் படித்துவிட்டு நீங்களே வயர் இழுக்க வேண்டாம். மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் வேலையைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். அவரிடம் என்ன கேட்பது, வேலை நடக்கும்போது எதைப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: மீட்டரைப் பிரியுங்கள்

சுவரில் காடி வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. வீட்டு இணைப்புக்கு ஈபி கணக்கில் 1-ஏ கட்டண வகை. இலவச யூனிட் சலுகை இதில்தான் வரும். கடை என்றால் 5-ஆம் வகை. யூனிட் விலை அதிகம், இலவசம் கிடையாது. இந்த விலை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிலர் வீட்டு மீட்டரிலிருந்து கீழே ஒரு லைன் இறக்கிவிடுகிறார்கள்.

அது வெறும் கட்டண ஏமாற்று மட்டுமல்ல. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், அனுமதித்த பயனுக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவதும் 'அங்கீகாரமற்ற பயன்பாடு'தான். பிடிபட்டால் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கில் கணக்குப் போடுவார்கள். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதம் வரை எடுப்பார்கள். மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நோட்டீஸில் போய்விடும்.

ஒரு விலக்கு உண்டு. டாக்டர், வக்கீல், ஆடிட்டர் போன்றவர்கள் தம் வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்திருந்தால் அது வீட்டுக் கட்டணத்திலேயே வரும். ஜெராக்ஸ் கடைக்கு இது பொருந்தாது.

கடைக்குத் தனி சர்வீஸ் வாங்கியதும் ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு மீட்டருக்குப் பின்னால் உள்ள வயர்கள் எங்கேயும் சேரக் கூடாது. பேஸ் (மின்சாரம் வரும் வயர்) மட்டுமல்ல, நியூட்ரலும் (திரும்பிப் போகும் வயர்) தான். இந்தத் தவறு அதிகம் நடக்கும் இடம் மாடிப்படி விளக்கு. பேஸ் கடை மீட்டரிலிருந்தும் நியூட்ரல் பக்கத்தில் இருக்கிறதே என்று வீட்டு லைனிலிருந்தும் வந்திருக்கும். பழைய ஃபியூஸ் காலத்தில் இது யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஆர்சிசிபி (மின் கசிவை உணர்ந்து தானே அணையும் சுவிட்ச்) மாட்டியதும் மாடிப்படி விளக்கைப் போட்டால் கடை, வீடு இரண்டிலும் கரண்ட் நின்றுவிடும். காரணம் தேடி இரண்டு நாள் அலைய வேண்டிவரும்.

படி 2: லோடு பட்டியல் எழுதுங்கள், பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள்

எல்லோரும் வாட்டை எழுதுகிறார்கள், நேரத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கீஸர் 2000 வாட், ஏசி இரண்டு சேர்த்து 3600, இன்டக்ஷன் அடுப்பு 2000, அயர்ன் பாக்ஸ் 1000, மிக்ஸி 750, வாஷிங் மெஷின் 500, விளக்கும் ஃபேனும் 700, டிவியும் ஃப்ரிட்ஜும் 400. கூட்டினால் 10,950 வாட். கீழே ஒரு ஜூஸ் கடை: ஃப்ரீசர் இரண்டு 800, மிக்ஸி மூன்று 2250, ஏசி 1800, விளக்கும் பெயர்ப் பலகையும் 600, பில்லிங் கம்ப்யூட்டரும் கேமராவும் 300. மொத்தம் 5,750 வாட்.

பட்டியலில் வீடுதான் பெரியது. ஆனால் வீட்டில் கீஸர், இன்டக்ஷன், மிக்ஸி எல்லாம் சேர்ந்து ஓடும் காலை அரை மணி நேரத்தில்கூட ஐந்து கிலோவாட்டைச் சுற்றித்தான் நிற்கும். ராத்திரி ஏசி ஓடும்போது கீஸர் ஓடாது. ஜூஸ் கடையில் மே மாத மதியம் பட்டியலில் உள்ள கிட்டத்தட்ட எல்லாமே ஒன்றாக, மணிக்கணக்கில் ஓடும். வீட்டுக்கு 'எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது' என்று குறைத்துக் கணக்குப் போடலாம். கடைக்கு அப்படிக் குறைக்காதீர்கள்.

இரண்டு விஷயம் கூடுதலாக. வீட்டிலும் கடை மாதிரி ஓடும் சாதனங்கள் வந்துவிட்டன: இரவு முழுக்க ஏசி, நான்கைந்து மணி நேரம் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டர். அவற்றுக்குக் கடை கணக்கைத்தான் போட வேண்டும். அடுத்தது, கடையில் வாடகைக்காரர் மாறுவார். இன்று தையல் கடை, நாளை பேக்கரி. டிபி பாக்ஸில் (மெயினிலிருந்து வரும் மின்சாரம் பல லைன்களாகப் பிரியும் பெட்டி) நாலைந்து காலி இடமும், மெயின் வயரில் ஒரு அளவு கூடுதலும் விட்டு வைத்தால் அன்றைக்குச் சுவரை மறுபடி உடைக்க வேண்டாம்.

படி 3: சர்க்யூட்டுகளைப் பிரியுங்கள்

இந்திய வயரிங் வழிமுறையான ஐ.எஸ். 732-இலும் தேசிய மின் நெறிமுறையிலும் இருக்கும் பழைய விதி இன்றும் நல்ல விதிதான். விளக்கு, ஃபேன், 6 ஆம்ப் பிளக் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்யூட்டில் (டிபியிலிருந்து கிளம்பும் ஒரு தனி லைனில்) பத்து பாயின்ட், 800 வாட் தாண்டக் கூடாது. 16 ஆம்ப் பவர் பாயின்ட் என்றால் ஒரு சர்க்யூட்டுக்கு அதிகபட்சம் இரண்டு.

வீட்டில் ஏசி, கீஸர் ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட் கொடுத்துவிடுங்கள். சமையலறைக்கு இரண்டு பவர் சர்க்யூட் வேண்டும். ஒன்றில் இன்டக்ஷன், இன்னொன்றில் மிச்சமெல்லாம். கடையில் இதோடு மூன்றைச் சேர்க்க வேண்டும். ஃப்ரீசருக்குத் தனி, ஏனென்றால் மிக்ஸியில் கோளாறு வந்து டிரிப் ஆனால் ஐஸ்கிரீம் உருகக் கூடாது. பெயர்ப் பலகைக்குத் தனி, ஏனென்றால் மழையில் நனைந்து முதலில் டிரிப் ஆவது அதுதான். கேமராவுக்கும் பில்லிங்குக்கும் யுபிஎஸ் வழியாகத் தனி. யுபிஎஸ் லைன் பாயின்ட்டுகளுக்கு வேறு நிறத்தில் பிளேட் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதில் கெட்டிலைச் சொருகுவார்கள்.

படி 4: வயர் அளவு. இங்கேதான் கடை ஏமாற்றும்

விளக்குக்கு 1.5, பவர் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீஸருக்கும் 4 சதுர மி.மீ. எந்த வயர்மேனைக் கேட்டாலும் இதைச் சொல்வார். வீட்டுக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏன் சரியாக இருக்கிறது, கடையில் ஏன் சில சமயம் சரியாக இருப்பதில்லை என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு.

2.5 சதுர மி.மீ. பிவிசி காப்பர் வயர் ஒரு ஜோடி பைப்புக்குள் தனியாகப் போனால் 24 ஆம்ப் வரை தாங்கும். ஆனால் அந்தக் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்கு. நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 40 டிகிரி சாதாரணம். அதற்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும். 20.9 ஆம்ப். ஒரே பைப்புக்குள் மூன்று சர்க்யூட் சேர்ந்து போனால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு ஏறும். அதற்கு 0.70. இப்போது 14.6 ஆம்ப். ஐந்து சர்க்யூட் என்றால் 0.60, அதாவது 12.5 ஆம்ப்.

அந்த வயருக்கு டிபியில் 16 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும், அதாவது அணையும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். வயர் தாங்குவது 14.6, எம்சிபி அனுமதிப்பது 16. அதற்கு மேல், எம்சிபி 16-ஐத் தொட்டவுடன் விழுந்துவிடாது. 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அதற்கான தர அளவு. 18 ஆம்ப் ஓடினாலும் அது பேசாமல் இருக்கும். வீட்டில் மூன்று சர்க்யூட்டும் ஒன்றாக முழு லோடில் ஓடுவது அபூர்வம், அதனால் தப்பிக்கிறோம். கடையில் தினமும் பத்து மணி நேரம் ஓடும். வயரின் தோல் முறுகும், நிறம் மாறும், இரண்டு மூன்று வருடத்தில் ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வரும்.

தீர்வு இரண்டு. ஒரு பைப்புக்கு ஒரு பவர் சர்க்யூட், மிஞ்சினால் இரண்டு என்று வையுங்கள். அல்லது 4 சதுர மி.மீ. போடுங்கள். அதன் 32 ஆம்ப், அதே மூன்று சர்க்யூட் நெரிசலில் 19.5 ஆகும், 16 ஆம்ப் எம்சிபிக்குப் போதும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். பைப் மலிவு, பின்னாளில் ஒரு வயரை மாற்றுவதும் சுலபம்.

நீளம் வீட்டில் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. நீண்ட கடையிலோ பின்கட்டு குடோனிலோ பாருங்கள். 2.5 வயரில் 40 மீட்டர் தூரத்துக்கு 13 ஆம்ப் போனால் 9 வோல்ட்டுக்கு மேல் குறையும், அதாவது 4 சதவீதம். விளக்குக்கு 3, மற்றவற்றுக்கு 5 சதவீதம்தான் எல்லை. மெயினிலிருந்து டிபி வரை ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயரின் தோலிலும் ஒரு முடிவு இருக்கிறது. வீட்டுக்குத் தீ பரவாத வகை போதும். நாலு பேர் கூடும் கடை, பயிற்சி மையம், சின்ன மருத்துவமனை என்றால் புகை குறைவான, ஹாலஜன் இல்லாத வயரைக் கேளுங்கள். தீ விபத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் புகைதான்.

படி 5: பிளக் பாயின்ட் எங்கே, எத்தனை

6 ஆம்ப், 16 ஆம்ப் இரண்டுக்கும் ஐ.எஸ். 1293 தரம். 16 ஆம்ப் சாக்கெட்டில் 3680 வாட் வரை எடுக்கலாம், 6 ஆம்பில் 1380. 2000 வாட் இன்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்ப் இழுக்கும். கன்வெர்ஷன் பிளக் போட்டு அதை 6 ஆம்பில் சொருகுவதுதான் கருகிய போர்டுகளின் பொதுவான கதை.

வீட்டில் இடத்தை முடிவு செய்ய ஒரு வழி: தரையில் சாக்பீஸால் கட்டில், சோபா, மேசையை வரைந்துவிட்டு அப்புறம் பாயின்ட் குறியுங்கள். படுக்கையின் இருபுறமும் ஒவ்வொரு 6 ஆம்ப், டிவி இருக்கும் இடத்தில் குறைந்தது நான்கு. சமையல் மேடையில் பாயின்ட் மேடைக்கு மேல் முக்கால் அடி உயரத்தில் வரட்டும். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நேர் மேலே வேண்டாம். குளியலறையில் 1.3 மீட்டருக்குக் கீழே சாக்கெட் கூடாது, ஷவர் தெறிக்கும் பக்கம் எந்த உயரத்திலும் வேண்டாம். கீஸர் சுவிட்சை வெளியே வைத்துவிடுங்கள்.

கடையில் மேசையும் ரேக்கும் வருடத்துக்கொரு முறை இடம் மாறும். அதனால் சுவரைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு ஒன்று என்று பரவலாகக் கொடுப்பது நல்லது. நடுவில் கவுன்டர் வரும் என்றால் தரைக்குள் ஒரு பைப் இப்போதே புதைத்து வையுங்கள். பாயின்ட் போதாத கடையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து ஒரு மிக்ஸி என்று சங்கிலி ஓடும். ஈர மாவு பிசையும் இடத்திலோ பெரிய மோட்டாருக்கோ சாதாரண சாக்கெட் தாங்காது. பூட்டிக்கொள்ளும் தொழிற்சாலை வகை சாக்கெட் போட வேண்டும். நீலம் 230 வோல்ட், சிவப்பு 400 வோல்ட்.

வாசலில் மூடியுள்ள, மழைத் தண்ணீர் புகாத பாயின்ட் ஒன்று கண்டிப்பாக வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் சீரியல் விளக்கு போடுவார்கள். பாயின்ட் இல்லை என்றால் உள்ளே இருந்து வயரை இழுத்து, முனையைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் தீக்குச்சியால் அழுத்தி நிறுத்துவார்கள். அந்த வயர் போகும் வழி இரும்பு ஷட்டரின் ஓரம். ஷட்டர் ஏறி இறங்க வயரின் தோல் உரியும், ஒரு மழை நாளில் ஷட்டர் முழுக்கக் கரண்ட் பாயும். ஷட்டர் சட்டத்துக்கு ஒரு எர்த் இணைப்பு கொடுங்கள் என்று நான் ஒவ்வொரு கடையிலும் சொல்கிறேன். செலவு ஒரு கிளாம்ப்பும் கொஞ்சம் பச்சை வயரும்தான்.

படி 6: டிபி பாக்ஸ்

எம்சிபி வயரைக் காக்கிறது, ஆர்சிசிபி ஆளைக் காக்கிறது. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பது தப்பு. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளின்படி 2 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள இணைப்புகளுக்குக் கசிவுப் பாதுகாப்பு கட்டாயம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்ப், மற்றவற்றுக்கு 100 மில்லி ஆம்ப் மிகாமல். கடைக்கு விதி 100-ஐ ஒப்புக்கொள்கிறது என்று அதோடு நின்றுவிடாதீர்கள். 100 மில்லி ஆம்ப் தீயைத் தடுக்கும், ஷாக் அடிக்கும் ஆளைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. மெயினில் 100, பிளக் பாயின்ட் சர்க்யூட்டுகளுக்கு 30 என்று இரண்டு அடுக்காகப் போடுங்கள்.

'முப்பது போட்டால் சும்மா சும்மா விழுகிறது' என்ற புகார் கடைகளில்தான் அதிகம். காரணம் உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் வடிகட்டி வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரத்தை எர்த்துக்கு எப்போதும் கசியவிடும். அது கோளாறு அல்ல, அதன் அமைப்பே அப்படி. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டியதுமே விழலாம். பன்னிரண்டு கம்ப்யூட்டரை ஒன்றின் கீழ் வைத்தால் விழத்தான் செய்யும். ஆர்சிசிபியைக் கழற்றுவது வழியல்ல, மூன்றாகப் பிரிப்பதுதான் வழி. வாங்கும்போது 'டைப் ஏ' கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்யூட்டர் போன்றவற்றின் கசிவைப் பழைய 'டைப் ஏசி' (குளிரூட்டும் ஏசி அல்ல, ஆர்சிசிபி வகையின் பெயர்) சரியாக உணராமல் போகலாம்.

எம்சிபியில் பி கர்வ், சி கர்வ் என்று உண்டு. விளக்கு, சாதா பிளக்குக்கு பி. மோட்டார், ஏசி, ஃப்ரீசர் ஆரம்பிக்கும்போது ஒரு கணம் அதிகம் இழுப்பதால் சி.

மூன்று பேஸ் வாங்கினால் கவனம் நியூட்ரல் மேல் இருக்கட்டும். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்ட், லோடு குறைந்த பக்கம் ஏறிவிடும். ஒரே நொடியில் டிவி, ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் போகும். ஆகவே நியூட்ரலில் ஃபியூஸ் கூடாது, முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் கூடாது, பேஸ் வயரைவிட மெலிந்த வயரும் கூடாது. எல்ஈடியும் கம்ப்யூட்டரும் நிறைந்த கடையில் மூன்று பேஸையும் சமமாகப் பிரித்தாலும் நியூட்ரலில் மின்னோட்டம் பூஜ்யமாகாது. அந்தச் சாதனங்கள் உருவாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மூன்று மடங்கு வேகத்தில் அலையும் மின்னோட்டம்) அங்கே ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும்.

ஜெனரேட்டர் உண்டு என்றால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாக இருக்க வேண்டும். இல்லையேல் உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் நியூட்ரல் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறலாம். அங்கே கரண்ட் இல்லை என்று நம்பி ஒரு லைன்மேன் வேலை செய்துகொண்டிருப்பார்.

படி 7: எர்த்

2.5 மீட்டர் ஜிஐ பைப், சுற்றிக் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல். இந்தப் பழைய முறையே போதும், கோடையில் தண்ணீர் ஊற்றினால். எர்த் இருந்தால் ஆர்சிசிபி எதற்கு என்பவர்களுக்கு: எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வையுங்கள். பேஸ் வயர் ஃப்ரிட்ஜ் உடம்பில் பட்டால் 230-ஐ 10-ஆல் வகுத்து 23 ஆம்ப்தான் ஓடும். 16 ஆம்ப் சி கர்வ் எம்சிபி உடனே விழ 80-இலிருந்து 160 ஆம்ப் வரை வேண்டும். அது உடனே விழாது, அதுவரை ஃப்ரிட்ஜ் உடம்பில் கரண்ட் நிற்கும்.

வீட்டுக்குள் எர்த் வயர் 16 சதுர மி.மீ. வரை பேஸ் வயரின் அளவுக்கே இருக்க வேண்டும். கடையில் மூன்று பேஸ் மோட்டாரோ இயந்திரமோ வந்தால், அதன் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு கொடுக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் இந்தத் தேவை வருவதில்லை.

படி 8: 15 மீட்டர் தாண்டினால்

கட்டிடம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் மின் ஆய்வாளரின் ஒப்புதல் இல்லாமல் இணைப்புக் கிடைக்காது. டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டிடத்துக்குள் வைப்பதென்றால் எண்ணெய் ஊற்றாத உலர் வகையே வைக்க வேண்டும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் தரைத்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி 59 பேர் இறந்தார்கள். நம் 'கீழே கடை மேலே வீடு' இவ்வளவு தூரம் போவதில்லை என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

படி 9: காசு கொடுக்கும் முன் சோதனை

ஒப்பந்ததாரரிடம் 500 வோல்ட் மெகர் சோதனையை (வயரின் தோல் கசியாமல் இருக்கிறதா என்று அளப்பது) உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எந்த சர்க்யூட்டும் ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பிளக்கிலும் பேஸ் வலப்பக்கம் இருக்கிறதா, எர்த் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை வயரை போர்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு மெயினை அணைத்தால் கடையில் எதுவும் அணையக் கூடாது. கடை மெயினை அணைத்தால் மாடியில் ஒரு விளக்குகூட அணையக் கூடாது. இதற்கு இரண்டு நிமிடம் போதும், படி 1-இல் சொன்ன கலப்பு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த எம்சிபி எதற்கு என்று தமிழில் எழுதி டிபி கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். பைப் சுவருக்குள் போகும் பாதையைப் பூசுவதற்கு முன் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும், உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். கடைக்காரருக்கு இது நினைவிருக்காது. வாடகை வாங்கப் போகும் அன்றைக்கு நீங்களே அழுத்திவிட்டு வாருங்கள்.